பாக்கி அறுநூறு மீட்டர்

கரீமாவுக்கு அன்று வால் வேலை. உப்பனாறு ரன்னர்ஸ் என்ற அந்த ஓட்டக் குழுவில், போட்டி நடக்கும் நாளில் யாராவது ஒருவர் எல்லாருக்கும் பின்னால் ஓடிவர வேண்டும். கடைசி ஆள் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவரை விட்டுவிட்டு முன்னால் போகக் கூடாது. பெரிய ஊர்ப் போட்டிகளில் இதற்கு நாகரிகமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு அது வால்தான். வாலாக இருப்பது பெரிய பெருமை என்று செயலாளர் கலைவாணன் மூச்சுக்கு மூச்சு சொல்லுவார். சொல்லுவாரே தவிர, ஒரு வருஷமாவது அந்தப் பெருமையைத் தான் எடுத்துக்கொண்டதில்லை.

இந்த வருஷக் கடைசி ஆள் நாராயணசாமி. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரியாங்குப்பத்தில் திரும்பியதிலிருந்து தன் முழங்காலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கரீமா பொறுமையாக ஊம் கொட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். இருவரும் தேங்காய்த்திட்டு துறைமுக வாசலை எட்டியபோது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கிடந்தன. ஏலக்கூடத்தில் மீனும் இல்லை, ஆளும் இல்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் கலைவாணன் ஓட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அங்கே வைத்திருந்தார்.

நாராயணசாமி முடிவுக்கோட்டைத் தாண்டியதும் எல்லாரும் கைதட்டினார்கள். மெடலை வாங்கிக்கொண்டு அவர் நேராகப் பொங்கல் அண்டாவைப் பார்த்து நடந்தார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

கரீமா கூட்டத்தில் தன் வீட்டுக்காரரைத் தேடினாள். பாவா பாயைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டியதே இல்லை. ஆறடி உயரம், வெள்ளைத் தொப்பி, எங்கே நின்றாலும் நாலு பேரை நிறுத்திவைத்துக் ஓடிய தூரத்தை அளக்கிற கைக்கடிகாரத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிற ஆள். இன்று அந்தத் தொப்பி எங்கும் தென்படவில்லை.

"கலைவாணா, அவர் எங்க?"

"பாய் வந்து எவ்ளோ நேரமாச்சுக்கா! மெடல் போட்டு போட்டோ கூட எடுத்துட்டேன். குரூப்ல பாரு." கலைவாணன் வாயெல்லாம் சிரிப்பாக இருந்தார். ஓட்டம் நல்லபடி முடிந்துவிட்ட சிரிப்பு அது.

பொங்கல் போட்டுக்கொண்டிருந்த நிர்மலாவிடம் போய்க் கேட்டாள்.

"பாய் இன்னும் சாப்புட வரலக்கா. நான்கூட நெனச்சேன், என்னாடா மொத ஆளா நிப்பாரே, காணமேன்னு."

மற்றவர்களுக்குப் பொங்கல் என்றால் பொங்கல்தான். பாவாவுக்கு அது அப்படி இல்லை. அவருக்குச் சர்க்கரை. காலையில் ஊசி போட்டுக்கொண்டுதான் ஓட வந்திருந்தார். நெல்லித்தோப்பில் மெத்தைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த சர்க்கரை என்று டாக்டர் சொல்லி, நடக்கச் சொன்னார். நடக்கச் சொன்னால் ஓடுகிற ஆள் இவர். எதைச் செய்தாலும் ஒரு பிடி அதிகமாகத்தான் செய்வார். சர்க்கரை ஏறுவதைக் கண்டு பயந்து ஓடத் தொடங்கியவருக்கு, ஓட ஓட அது திடீரென்று இறங்கிப்போகிற தொல்லையும் வந்து சேர்ந்தது. அதனால் எப்போதும் இருவரும் சேர்ந்தேதான் ஓடுவார்கள். பாதி வழியில் கரீமா இடுப்புப் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து அவர் வாயில் திணிப்பாள். இன்று அவள் வால். அவர் எங்கோ முன்னால் தனியாக ஓடினார். கிளம்பும்போது ரெண்டு பழத்தை அவர் கையில் கொடுத்து, முடித்ததும் முதல் வேலையாகச் சாப்பிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

அவருடைய போனும் அவளுடைய இடுப்புப் பையில்தான் இருந்தது. அது விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள். மெடலோடு பாவா நிற்கிற படத்துக்குக் கீழே குழுவே வாழ்த்திக்கொண்டிருந்தது. பாய் சூப்பர், பாய் கலக்கல், நெல்லித்தோப்பு சிங்கம். எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியாக, கலைவாணன் போட்ட செய்தி: 'ஆண்டு ஓட்டம் இனிதே நிறைவு. அனைவரும் நலமாக வந்து சேர்ந்தனர்.'

கரீமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எல்லார் படத்திலும் முகம் கேமராவைப் பார்த்தது. இவர் மட்டும் தன் மணிக்கட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷமே இல்லை.

"கலைவாணா, ஆம்புலன்ஸ் எங்க நின்னுச்சு? அங்க போய்ப் படுத்திருக்காரான்னு பாத்துட்டு வரேன்."

"அது போயிடுச்சேக்கா. வாடகை வண்டி. கடைசி ஆள் வாசல்ல திரும்பினதுமே அனுப்பிட்டேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாய் வீட்டுக்குப் போயிருப்பாருக்கா. நீ ஏன் பதட்டப்படற?" என்றார்.

"என் ஸ்கூட்டில ஏறாம எப்படி வீட்டுக்குப் போவாரு? சாவி என்கிட்ட இருக்கு."

அதற்குள் நாராயணசாமி பொங்கல் தட்டோடு வந்து நின்று, தன் கடிகாரத்தைக் கலைவாணன் முகத்துக்கு நேராக நீட்டினார். "செயலாளரே, பத்து கிலோமீட்டர்னு பேர் வாங்கிட்டு என் வாட்ச்ல ஒம்பது புள்ளி நாலுன்னு காட்டுதே. மிச்சத்த யார் சாப்ட்டது?"

"ஐயோ சார், அத எத்தினி பேருக்குத்தான் சொல்றது! திரும்பற எடத்துல பைப்பு போடப் பள்ளம் தோண்டி வச்சிருக்கான். அதுக்கு முன்னாடியே எல்லாரையும் திருப்பிவிடச் சொல்லிட்டாங்க. அறுநூறு மீட்டர் கொறஞ்சிடுச்சு. எல்லாருக்கும்தான் கொறஞ்சுது."

கரீமாவுக்குப் புரிந்துவிட்டது. எல்லாருக்கும்தான் குறைந்தது, ஆனால் எல்லாரும் பாவா இல்லை. ஒன்பது புள்ளி நாலில் நிற்கிற கடிகாரத்தோடு அந்த மனுஷனால் ஒரு வாய் பொங்கல் சாப்பிட முடியாது. ஓடுகிறவர்களில் பல பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. வீட்டு வாசல் வந்த பிறகும் எண் முழுசாகவில்லை என்றால் தெருவில் முன்னும் பின்னும் ஓடிச் சரிக்கட்டுவார்கள். பாவாவுக்கு அது முற்றிய பைத்தியம். அறுநூறு மீட்டர்தானே, அதை முடித்துவிட்டுப் பழமும் பொங்கலும் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எங்கேயோ கிளம்பிப் போயிருக்கிறார்.

எங்கே? வாசலுக்கு எதிரே நீளமான தார்ச்சாலை காலியாகக் கிடந்தது. ஓடுகிற ஆள் அங்கேதான் ஓடுவான். ஆனால் அங்கே ஓடினால் எல்லார் கண்ணிலும் படும். அவர் யார் கண்ணிலும் படாத இடமாகத்தான் தேடிப் போயிருப்பார். அதற்குக் காரணம் யார் என்று கரீமாவுக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்த பிறகு கடிகாரத்தில் கொஞ்சம் குறைகிறது என்று பாவா மொட்டைமாடிக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி ஓடினார். மாடி முழுக்கத் துவைத்த போர்வை காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஆறடி ஆள் குனிந்து, போர்வைக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் முளைத்து ஓடுவதைப் பார்த்துக் கரீமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீடியோ எடுத்தாள். 'பாக்கி வசூல் நடக்குது' என்று எழுதிக் குழுவில் போட்டுவிட்டாள். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவரை எங்கே பார்த்தாலும், பாக்கி எவ்ளோ பாய் என்று கேட்டு ஆள்காட்டி விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றிக் காட்டுவது குழுவில் வழக்கமாகிவிட்டது. அவரும் கூடவே சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு மொட்டைமாடிக்கு ஓடப் போகவில்லை. கரீமா அதைக் கவனித்தாள். கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை.

கையிலிருந்த போன் மறுபடி அதிர்ந்தது. குழுவில் புது வீடியோ. அனுப்பியது வெற்றிவேல், நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். மேலே எழுதியிருந்தான்: 'பாக்கி வசூல், பாகம் ரெண்டு'. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

திறந்தாள். கரையேற்றி நிறுத்திய படகுகளுக்கு நடுவில் பாவா ஓடிக்கொண்டிருந்தார். வீடியோ எடுக்கிற வெற்றிவேலின் குரல், "பாய்! பாக்கி எவ்ளோ பாய்?" என்று கத்தியது. பாவா நின்று கேமரா பக்கம் திரும்பினார். கையைத் தூக்கினார். மறுபடியும் தூக்கினார். வெற்றிவேலின் விரல் திரைக்குள் வந்து வட்டமாகச் சுற்றியது. சிரிப்புச் சத்தத்தோடு வீடியோ முடிந்தது.

கரீமா இன்னொரு முறை பார்த்தாள். அவர் ஓடவில்லை. கால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. கையைத் தூக்குவதற்கு முன்னால் புறங்கையால் வாயைத் துடைக்கிறார், திரும்பவும் துடைக்கிறார். சர்க்கரை இறங்கும்போது உதடு மரத்துப்போய்விடும். அப்போது அவர் செய்கிற வேலை அது. ராத்திரித் தூக்கத்தில்கூட அந்தக் கை வாய்க்குப் போனால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். 

"வெற்றி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பொங்கல் வரிசையே திரும்பியது. வெற்றிவேல் தட்டோடு ஓடிவந்தான்.

"இத எப்ப எடுத்த? எங்க எடுத்த?"

"இப்பதாங்க்கா... இப்பன்னா, கொஞ்ச நேரம் முன்னாடி. டவர் கெடைக்காம இப்பதான் போச்சு. பழைய ஐஸ் கம்பெனிக்குப் பின்னாடி, போட்டெல்லாம் ஏத்தி வச்சிருக்காங்கல்ல, அங்க. ஒண்ணுக்குப் போலாம்னு போனேன். பாய் ரவுண்டு அடிச்சிட்டிருந்தாரு." அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"ரவுண்டா அடிக்கறாரு? நல்லாப் பாருடா. அவர் கையப் பாரு. கூப்புடறாருடா உன்ன!"

வெற்றிவேல் பார்த்தான். அவன் கையிலிருந்த தட்டு சாய்ந்து பொங்கல் செருப்பில் கொட்டியது. அது அவனுக்குத் தெரியவில்லை.

"வண்டிய எடு," என்றாள் கரீமா. கலைவாணனிடம், "அந்த ஆம்புலன்ஸத் திரும்பக் கூப்புடு. லோ சுகர்னு சொல்லு. பழைய ஐஸ் கம்பெனி பின்னாடி. இப்பவே," என்றாள். கலைவாணன் போனைக் காதில் வைத்தார்.

பழைய ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு சின்ன ஊரே படகாக நின்றது. தடைக்காலத்தில் பழுது பார்க்கவும் பெயின்ட் அடிக்கவும் ஏற்றி, அடியில் கட்டை கொடுத்து, ஒன்றுக்கு இன்னொன்று இடைவெளி இல்லாமல் நிறுத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலையாள் ஒருவரும் இல்லை. வீடியோவில் பாவா நின்ற இடத்தை வெற்றிவேல் காட்டினான். அங்கே யாரும் இல்லை.

"என்னங்க!" என்று கத்தினாள். "என்னங்க!"

ஒரு நாய் மட்டும் தலை தூக்கிப் பார்த்தது.

வெற்றிவேல் ஒரு வரிசைக்குள் ஓடினான், இன்னொரு வரிசையில் வெளியே வந்தான், பாய் பாய் என்று அலறினான். இப்படி ஓடினால் ஒவ்வொரு படகுக்கும் பின்னால் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கரீமாவுக்குத் தோன்றியது. நினைவு தப்பிய பிறகு அவருக்கு நேரம் அதிகம் கிடையாது. யா அல்லா, யா அல்லா என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

கையிலிருந்த அவருடைய போன் மறுபடி அதிர்ந்தது. இன்னும் யாரோ சிரித்திருக்கிறார்கள். அதை விட்டெறியலாமா என்று ஓங்கியவள், அப்படியே நின்றுவிட்டாள். கடையில் வாரத்துக்கு ஒரு முறை பாவா கடிகாரத்தைக் கழற்றிப் பஞ்சு மூட்டைக்குள் எங்கேயாவது போட்டுவிட்டுத் தேடுவார். கரீமாதான் இந்தப் போனில் ஒரு பொத்தானை அழுத்துவாள். கடிகாரம் பக்கத்தில் இருந்தால் பீப் பீப் என்று கத்தும். தள்ளி இருந்தால் கத்தாது, இணைப்பு இல்லை என்று சொல்லிவிடும்.

அழுத்தினாள். இணைப்பு இல்லை.

முதல் வரிசையில் நடந்துகொண்டே அழுத்தினாள். இல்லை. ரெண்டாவது வரிசையின் கோடி வரைக்கும் போனாள். இல்லை. "வெற்றி, கத்தாத! பேசாம நில்லு!" என்று சத்தம் போட்டாள். மூன்றாவது வரிசையில் பாதி தூரம் போனபோது, திரையில் சின்னதாகப் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது. அணைந்தது. ரெண்டு அடி பின்னால் வந்தாள். எரிந்தது. விரல் வழுக்கியது, சுடிதாரில் துடைத்துக்கொண்டு அழுத்தினாள்.

எங்கேயோ, மிக மெல்லியதாக, பீப் பீப் என்றது.

நீலப் படகு ஒன்றின் அடியில் குனிந்து, கட்டைகளுக்கு நடுவே ஊர்ந்து அந்தப் பக்கம் போனாள். படகுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குச் சந்து இருந்தது. பாவா அங்கே ஒருக்களித்துக் கிடந்தார். நிழலுக்காக வந்து உட்கார்ந்து, அப்படியே சரிந்திருக்க வேண்டும். சட்டை பிழியப் பிழிய நனைந்திருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. மூச்சு குறட்டை மாதிரி கரகரத்தது. அந்தக் கரகரப்புக் கேட்டதில்தான் அவளுக்கு உயிரே வந்தது.

"தண்ணி குடுக்கட்டாக்கா?" என்று வெற்றிவேல் பாட்டிலைத் திறந்துகொண்டு ஊர்ந்து வந்தான்.

"வேணாம்! வாய்ல எதையும் ஊத்தாத. பொரை ஏறிடும்."

வாலுக்குக் குழு கொடுத்த பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. அதைப் பல்லால் கிழித்தாள். பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து, தூளைத் தொட்டு, அவர் கன்னத்துக்கு உள்பக்கமாகத் தேய்த்தாள். மறுபடி நனைத்தாள், மறுபடி தேய்த்தாள். தலையைச் சாய்த்துத் தன் தொடையில் வைத்துக்கொண்டாள். மெடல் இன்னும் கழுத்தில் கிடந்தது. அதன் நாடா இறுக்கிவிடப்போகிறதே என்று உருவி எறிந்தாள்.

"நீ வாசலுக்குப் போ. வண்டிக்கு வழி காட்டு. இந்தச் சந்து அவங்களுக்குத் தெரியாது."

வெற்றிவேல் போனான். அவள் தனியாக இருந்தாள். விரலை நனைப்பதும் தேய்ப்பதுமாக இருந்தாள். "எந்திரிங்க," என்றாள். "நான் திட்ட மாட்டேன். எந்திரிங்க. எவ்ளோ வேணும்னாலும் மாடில ஓடுங்க. போர்வையெல்லாம் எடுத்துடறேன்." அவருடைய மூச்சு ஒரு முறை நின்று, பிறகு பெரிதாக இழுத்தது. எத்தனை முறை அப்படி ஆனது என்று அவளுக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸ் நெல்லித்தோப்பு சிக்னலிலேயே திரும்பியிருந்தது. கலைவாணன் வண்டிக்கு முன்னால் ஓடிவந்தார். நாலு பேர் சேர்ந்து பாவாவைப் படகுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். நர்ஸ் விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். "சக்கரை முப்பதுகூட இல்லம்மா," என்றாள். கை நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினாள். "யாராவது ஒருத்தர் ஏறி பாட்டிலப் பிடிங்க. ஸ்டாண்டு ஆடுது. கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

பக்கத்தில் நின்ற வெற்றிவேல் ஏறினான்.

வண்டி மரப்பாலத்தைத் தாண்டியது. கரீமா அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே வெற்றிவேல் குளுக்கோஸ் பாட்டிலை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். நர்ஸ் பாவாவின் கன்னத்தைத் தட்டி, "ஐயா, கண்ணத் தொறங்க, பேர் சொல்லுங்க," என்றாள்.

இமை அசைந்தது. கண் திறந்தது. ஆனால் அந்தக் கண் கரீமாவை யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அவள் பயந்துபோய் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"உங்க பேர் என்னாங்க ஐயா?" என்று நர்ஸ் மறுபடி கேட்டாள்.

"பாவா," என்றார் குழறலாக. கொஞ்ச நேரம் கழித்து, "கரீமா," என்றார். நர்ஸுக்கு அவள் பேரைச் சொல்கிறாரா, அவளைக் கூப்பிடுகிறாரா என்று தெரியாமலே அவள் அழுதுவிட்டாள்.

"சக்கரை ஏறுது. இனிமே பயமில்லமா," என்றாள் நர்ஸ்.

பாவா நாக்கால் உதட்டைத் தடவினார். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "கை காட்டினேன் கரீமா. கூப்புட்டேன், சத்தம் வரல. அதான் கை காட்டினேன்." மூச்சு வாங்கியது. "அங்க யாரோ நின்னாங்க. அவங்களும் கை காட்டிட்டுப் போய்ட்டாங்க."

யார் என்று அவருக்கு நினைவில்லை. எதிரே பாட்டில் ஆடத் தொடங்கியது. வெற்றிவேல் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவனை ஒரு அறை விட வேண்டும் என்று படகுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது கரீமா நினைத்திருந்தாள். இப்போது கை எழவில்லை.

"அவன் மேல தப்பு இல்லங்க," என்றாள், அவனுக்கும் கேட்கிற மாதிரி. "நீங்க ஓடினாச் சிரிக்கணும்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."